வழியில் சாமி இருந்தால் கை காட்டவும்

1

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அக்கா மகள் யாமினி என்னை ஒரு கேள்வி கேட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். கேள்வி கேட்பதில் மட்டும் கல்லூரி முடித்துவிட்டாள்.

"மாமா, சைக்கிள் ஓட்டறதுக்கு ஆறு மாசம் ட்ரெயினிங் எடுத்தியாமே? எங்க ஸ்கூல் வாட்ச்மேன் தாத்தா டெய்லி திருவாலங்காட்டுலர்ந்து மிதிச்சிகினு வர்றாரு. அவரு எங்க போயி ட்ரெயினிங் எடுத்தாரு?"

பின்னால் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. பாவா, அதாவது யாமினியின் அப்பா, பனியனோடு வந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், காத்து அடிக்கறதுக்கும் அங்க கோர்ஸு இருக்குதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். லைன் கட்டாகிவிட்டது. அதுவாகக் கட்டானதா, அவர்களே கட் செய்தார்களா என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

பத்து நிமிடம் கழித்து யாமினியிடமிருந்து குரல் பதிவு வந்தது. பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "வெளிநாட்டுல இருக்கற மாமா எழுதுனதுன்னா மிஸ் உடனே எடுத்துக்குவாங்க. சைக்கிள் கதைய எழுது மாமா. கொஞ்சம் நல்லா எழுது."

பிள்ளைகளே, அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மிஸ் திருத்திக்கொள்ளட்டும்.

திருத்தணியில் நான் பவர்லூம் செட்டுகளுக்கு நூல் மூட்டை கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தேன், சைக்கிளில்தான். என் மனைவி கலா நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரியா நாட்டில் வேலை கிடைத்தது. எனக்கும் எங்கள் மகள் வள்ளிக்கும் அவளோடு வர விசா கிடைத்தது. நான் அவள் கொண்டுவந்த இரண்டாவது பெட்டி என்று கலா இன்றும் சொல்வாள். முதல் பெட்டியில் புளியும் மிளகாய்த்தூளும் இருந்தன. ஆகவே மரியாதை அதற்குத்தான்.

இப்போது மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே துணி நெய்கிறவர்களோடு இருந்தேன், இங்கே துணி துவைக்கிறேன். துணி என்னை விடுவதாக இல்லை.

2

வள்ளி இங்கே வரும்போது அவளுக்கு நான்கு வயது. கதை நடந்தபோது பதினைந்து. நான்கு வயதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு ஊர்க் கதை முழுவதும் பேசிய பிள்ளை, பதினைந்து வயதில் என்னிடம் பேசியது மூன்றே சொற்கள். "சாப்ட்டேன்." "தெரியல." "வைஃபை." கோபம் ஒன்றும் இல்லை. இந்த ஊர்ப் பேச்சு அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். என் வாயில் அது ஊறப்போட்ட கொட்டைப் பாக்கு. கடையில் நான் பேச ஆரம்பித்தால் அவள் அடுத்த வரிசைக்குப் போய் ஷாம்பு பாட்டிலைப் படிப்பாள்.

போன வருடம் அக்டோபரில் ஒரு மாலை, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி அவள் சொன்னாள்:

"நைனா, ஜூலைல சைக்கிள் ட்ரிப் இருக்கு. ஸ்கூல்லர்ந்து. ஆறு நாள், மலை. பதினாறு வயசு ஆவாதவங்களுக்கு வீட்லர்ந்து ஒருத்தர் கூட வரணுமாம். அம்மாவுக்கு முட்டி வலி. நீ வர்றியா?"

"வேற ஆளே இல்லன்னுதான் என்னைக் கேக்கறியா?"

"ஆங்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

இரண்டு வருடத்தில் அவளாக என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. வர்றேன் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மீதியைச் சொன்னாள். ஏப்ரலில் ஒரு சோதனை ஏற்றம் உண்டு. குறித்த நேரத்துக்குள் மேலே வந்து சேராத பெரியவருக்குப் பயணத்தில் இடமில்லை. அவரோடு வரவேண்டிய பிள்ளைக்கும் இல்லை. நான் தோற்றால் வள்ளியும் வீட்டில்தான்.

இங்கே எதற்கும் ஒரு படிவம் உண்டு. நான்கு பக்கம் வந்தது. சைக்கிள் ஓட்டிய அனுபவம் எத்தனை வருடம்? இருபது என்று எழுதினேன். வாரத்துக்கு எத்தனை நாள்? ஏழு. சுமையோடு ஓட்டியதுண்டா? தினமும், இரண்டு மூட்டை. மலைப் பகுதியில் வாழ்ந்ததுண்டா? ஆம்.

எல்லாம் சத்தியமான பதில். ஆனால் அதைப் படித்த உடற்பயிற்சி ஆசிரியை ஹெல்கா, நான் ஏதோ பந்தயத்தில் கோப்பை வாங்கியவன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கலா அந்தப் படிவத்தின் நகலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? நீங்க என்னைக்கு மலை மேல சைக்கிள்ல போனீங்க?"

"வாழ்ந்ததுண்டான்னுதான் கேட்டாங்க."

உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் சைக்கிளை மலையடிவாரத்தில் பூட்டிவிட்டுப் படியேறுவோம். நான் இருபது வருடம் மிதித்தது எல்லாம் மேசை மாதிரி தட்டையான சாலை.

3

முதல் பயிற்சி அக்டோபர் கடைசியில். புதுச் சைக்கிள் வாங்கினேன். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டுகூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், எடையைக் குறைக்கத்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றார். "அதுக்கு இவ்ளோ விலையா? எடை உன் வயித்துலர்ந்து கொறைச்சா ஃப்ரீ" என்றாள் வள்ளி.

பத்துப் பிள்ளைகள், பத்துப் பெரியவர்கள் வரிசையாகப் போகிறோம். எனக்குப் பின்னால் வள்ளி, அவளுக்குப் பின்னால் அவள் சிநேகிதிகள். ஒரு திருப்பத்தில் சாலையோரம் மரக்கூண்டுக்குள் சின்னதாக ஒரு மாதா சிலை. காலடியில் யாரோ வைத்த பூ. நான் இறங்கிவிட்டேன்.

நானாக இறங்கவில்லை, பிள்ளைகளே. உடம்பு இறங்கிவிட்டது. நம் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கோயிலைக் கடக்கும்போது சைக்கிள் மேல் உட்கார்ந்துகொண்டு போகமாட்டோம். இறங்கி, செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலு அடி தள்ளிக்கொண்டு போய் ஏறுவோம். எங்கள் வீட்டிலிருந்து கனகம்மாசத்திரம் போய்ச் சேருவதற்குள் எனக்கு ஒன்பது நிறுத்தம். இரண்டு பிள்ளையார், நான்கு அம்மன், ஒரு முனீஸ்வரர், ஒரு சர்ச். ஒன்பதாவது, திரும்பிப் பார்த்தால் மலை தெரிகிற கடைசி இடம். அங்கே சிலை எதுவும் இல்லை. ஆனாலும் இறங்குவேன். சர்ச்சில் இறங்குவதைப் பார்த்து ஒருநாள் பாதிரியார், "நம்ம ஆளுங்களே இங்க எறங்கறது இல்ல தம்பி" என்றார்.

அந்தப் பழக்கம் இந்த ஊர் மாதாவுக்கும் வேலை செய்தது. பின்னால் வந்த எல்லோரும் பிரேக் அடித்தார்கள். ஒரு பெண் புல்லில் விழுந்தாள்.

"நைனா! இங்க யாரும் எறங்கமாட்டாங்க!"

"சாமி இருக்குதேம்மா."

"இந்த ஊர்ல ரோட்டுக்கு ரோடு இருக்கும்!"

"அப்ப ரோட்டுக்கு ரோடு எறங்கணும்."

வள்ளியின் முகம் தக்காளியாகிவிட்டது. ஹெல்கா திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்கு அவசரத்தில் இந்த ஊர்ச் சொல் இரண்டுதான் கிடைத்தது. "கடவுள். நிறுத்தம்."

அவர் சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லது. ஆனால் இனிமேல் நிற்பதற்கு முன்னால் இடது கையைத் தூக்கிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டுக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது இது. எதைச் செய்தாலும் விட்டுவிடுவார்கள், கை மட்டும் காட்ட வேண்டும்.

அன்றைக்கு நான் ஏழு முறை கை காட்டினேன். வீடு திரும்பும்வரை வள்ளி என் பக்கமே வராமல் வரிசையின் கடைசியில் ஓட்டினாள்.

4

நவம்பரில் பனி விழ ஆரம்பித்தது. யாமினி, பனி என்றால் மார்கழிக் காலையில் உன் சடையில் படிவது இல்லை. சைக்கிள் சீட்டு வரைக்கும் மூடிவிடும். வெளியே ஓட்ட முடியாது. ஆகவே எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பேஸ்மென்டில் பயிற்சி. பின்சக்கரத்தை ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டிவிட வேண்டும். எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுற்றும், நீ நகரமாட்டாய். எதிரே பக்கத்து வீட்டுக்காரர்களின் உருளைக்கிழங்கு மூட்டை, ஜாம் பாட்டில் அலமாரி, பனிச்சறுக்குப் பலகைகள்.

தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். முதல் வாரத்தில் முட்டி பேசியது, இரண்டாவது வாரத்தில் இடுப்பு பேசியது, மூன்றாவது வாரத்தில் கலா பேசினாள். மேலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, அரக்கோணம் தாண்டியாச்சா?" என்பாள்.

அவள் கேலியாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்து மிதிப்பதற்குப் பதிலாக, கண்ணை மூடி நம் சாலையில் போக ஆரம்பித்தேன். இப்போது பஸ் ஸ்டாண்டு, இப்போது லெவல் கிராசிங், இப்போது கரும்பு லாரி, தள்ளி ஓட்டு. நேரம் போனதே தெரியவில்லை. ஒரு சங்கடம் மட்டும். பிள்ளையார் கோயில் வந்தால் கால் தானாக நின்றுவிடும்.

ஒருநாள் துணி துவைக்கக் கீழே வந்த வள்ளி பார்த்துவிட்டாள். ஓடாத சைக்கிளிலிருந்து இறங்கி, ஒரு காலை ஷூவிலிருந்து எடுத்து, உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நைனா. இது இன்னா சாமி? கெழங்கு சாமியா?"

"முனீஸ்வரரும்மா. கனகம்மாசத்திரம் ரோட்ல."

சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! அதற்காகவே அடுத்த அம்மன் கோயிலைக் கொஞ்சம் முன்னாலேயே வரவழைத்தேன்.

கால் வலு ஏற இன்னொரு பயிற்சியும் ஹெல்கா சொல்லியிருந்தார், மாடிப்படி. எங்கள் கட்டிடத்தில் பேஸ்மென்டிலிருந்து மேல்மாடிவரை எண்ணினேன். எழுபத்து மூன்று படி. கணக்கில் நான் எப்போதும் பின்வரிசைதான். ஆனால் இந்தக் கணக்கு சட்டென்று புரிந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐந்து தடவை ஏறினால் முந்நூற்று அறுபத்தைந்து. நம் முருகன் மலைப் படிகள் அத்தனையும்!

தினமும் ஏறினேன். ஒரு மாதத்தில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. படிக்கட்டை நாளுக்கு ஐந்து முறை எக்காரணத்துக்காகப் பயன்படுத்துகிறீர் என்று கேட்டு, கூடவே ஒரு படிவம். காரணம் என்ற கட்டத்தில் 'கோயில்' என்று எழுதி அனுப்பினேன். ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகவும் என்று பதில் வந்தது.

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி, நம் ஊர்ப் படித் திருவிழா. அங்கே நடுச்சாமம், இங்கே மாலை ஏழரை. பாவா மலைப்படியிலிருந்து வீடியோ காட்டினார். படிக்குப் படி மஞ்சள், குங்குமம், கற்பூரம், பாட்டுக் கோஷ்டி. யாமினி அம்மா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆமாம் யாமினி, எல்லோரும் பார்த்தோம். வாய் திறந்திருந்தது.

நான் எழுந்து ஷூ போட்டேன். வள்ளியும் எழுந்தாள். "நானும் வர்றேன். சும்மாதான்" என்றாள். ஐந்து முறையும் ஏறினாள். நான்காவது முறை, மூச்சு வாங்க, "ஒரு படி ஒரு நாளா? அப்ப லீப் வருஷத்துக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

5

ஏப்ரல் சோதனை. மலைமேல் ஒரு மாட்டுக் கொட்டகைவரை ஏற வேண்டும், எழுபது நிமிடத்துக்குள். முந்தின நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாலை செங்குத்து. அது பரவாயில்லை. வழியில் மூன்று சாமி. அதுதான் பிரச்சினை. ஏற்றத்தில் இறங்கினால் மறுபடி ஏறி மிதிப்பது எனக்கு ஆகாத காரியம். தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். மூன்று இடத்திலும் இறங்கினால் நேரம் போய்விடும். வள்ளியின் பயணமும் போய்விடும்.

காலையில் எல்லோரும் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தரையைத் தொட்டு மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இங்க எந்த சாமியும் இல்லியே" என்றாள் வள்ளி.

"வழில இருக்கற மூணு பேருக்கும் சேர்த்து இங்கயே. இன்னைக்கு மட்டும் மன்னிச்சிக்கோன்னு கேட்டுக்கினேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

முதல் மாதாவைக் கடக்கும்போது கால் நின்றுவிடப் பார்த்தது. கழுத்தைத் திருப்பாமல் மிதித்தேன். இரண்டாவது இடத்தில் ஒரு கிழவி பூ மாற்றிக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாவது எது, எங்கே என்றே தெரியாது, கண்ணில் வியர்வை. அறுபத்தெட்டு நிமிடத்தில் கொட்டகைக்கு வந்து, சைக்கிளோடு சேர்ந்து புல்லில் சாய்ந்தேன். இரண்டு பசுமாடுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

வள்ளி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

"நீ எறங்கவே இல்லியா நைனா?"

"டைம் போயிடுமேம்மா."

"ம்ம்" என்றாள். அது பாராட்டு மாதிரித் தெரியவில்லை.

திரும்பும்போது மூன்று இடத்திலும் கை காட்டி இறங்கி, காலையில் வைத்த பாக்கியைத் தீர்த்தேன். வள்ளி ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் என் சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

6

ஜூலையில் பயணம். முதல் மூன்று நாளில் என் நிறுத்தங்கள் குழுவில் பிரபலமாகிவிட்டன. என்னைவிடப் பருமனான ஒரு தகப்பன், ஏற்றம் வந்தாலே என் பக்கம் வந்து, "அடுத்த கடவுள் எப்போது?" என்று கெஞ்சுவார். என்னோடு இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொண்டார். பக்தி இல்லை, மூச்சு.

நான்காம் நாள்தான் பெரிய கணவாய். இருபத்தெட்டுக் கொண்டை ஊசி வளைவு. முந்தின நாள் சாப்பிட்டது எதுவோ வள்ளிக்குச் சேரவில்லை. காலையில் முகம் வெளுத்திருந்தது. "முடியுமாம்மா?" என்று கேட்டதற்கு, "நான் நல்லாதான் இருக்கேன், எல்லார் எதிர்லயும் கேக்காத" என்று சீறினாள்.

பதினைந்தாவது வளைவில் சிநேகிதிகள் அவளைத் தாண்டிப் போனார்கள். பதினெட்டில் அந்தப் பருமனான தகப்பன்கூடத் தாண்டிவிட்டார். கடைசியில் நாங்கள் இருவர்தான். முன்னால் அவள், பின்னால் நான். அவள் தோள் இரண்டும் ஆடுவது தெரிந்தது. சக்கரம் சாலையில் பாம்பு மாதிரி வளைந்து போனது. நில் என்று நான் சொன்னால் நிற்கமாட்டாள். விழுந்தாலும் விழுவாளே தவிர நிற்கமாட்டாள். நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா?

வழியில் ஒரு சாமி வந்தால் போதும். நான் கை காட்டுவேன், அவள் நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் வேண்டியது. ஆனால் அந்த உயரத்தில் மரமே இல்லை. பாறை, பழைய பனித் திட்டு, காற்று. கீழே ரோட்டுக்கு ரோடு நின்றவர்கள், தேவைப்பட்ட நாளில் ஒருவர்கூட இல்லை. ஏப்ரலில் மூன்று பேரைக் கடந்து போனேனே, அதற்குத்தானோ என்றுகூட நினைத்தேன். மிதித்துக்கொண்டே ஒவ்வொரு வளைவிலும் தேடினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, ஒன்றும் இல்லை.

இருபத்து மூன்றாவது வளைவில் வள்ளியின் இடது கை மேலே போனது.

நின்றாள். இறங்கினாள். சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்தாள். நான் பக்கத்தில் போய், "இன்னாம்மா?" என்றேன்.

"சாமி" என்றாள்.

அவள் காட்டிய இடத்தில் ஒரு கல். இடுப்பு உயரத்துக்கு, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்து, நடுவில் கறுப்பாக ஓர் எண். கணவாய்க்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் கல்.

மைல்கல்லும்மா அது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். நம் ஊர்க்காரன் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்துச் சாமி இல்லை என்று சொல்லலாமா? சைக்கிளைச் சாய்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒரு காலை ஷூவிலிருந்து எடுத்தேன். வள்ளியும் எடுத்தாள். அந்தக் குளிரில், தார்ச்சாலையில், ஒற்றைக்கால் சாக்ஸோடு, அப்பனும் மகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

"நல்லா கும்பிடு நைனா" என்றாள், கண்ணை மூடியபடியே. "அவசரம் ஒண்ணும் இல்ல."

நல்லாக் கும்பிட்டேன். அவள் மூச்சு சீராகும்வரை கும்பிட்டேன். ஊரில் உள்ள ஒன்பது பேரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கும்பிட்டேன். பிறகு பையிலிருந்து வெல்லக் கட்டி ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள். கல்லுக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

நாலு அடி தள்ளிக்கொண்டு போய் ஏறினோம். மீதி ஐந்து வளைவும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம்.

மேலே எல்லோரும் சூப்புக் குடித்து முடித்துவிட்டார்கள். ஹெல்கா கடிகாரத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வள்ளி, நாக்கு வழுக்காத இந்த ஊர்ப் பேச்சில், இரண்டே சொல் சொன்னாள்.

"கடவுள். நிறுத்தம்."

7

யாமினி, உன் கேள்விக்கு வருகிறேன். வாட்ச்மேன் தாத்தா எங்கே போய்ப் பயிற்சி எடுத்தார் என்று கேட்டாயே. அவரையே கேள். திருவாலங்காட்டிலிருந்து பள்ளிக்கூடம் வருவதற்குள் எத்தனை இடத்தில் இறங்கி ஏறுகிறார் என்று எண்ணிச் சொல்லச் சொல். வரும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எனக்கு அந்த எண் வேண்டும். வள்ளி கேட்கிறாள். பேஸ்மென்டில் அடுத்த குளிர்காலத்துக்கு அந்தச் சாலையில் போகலாம் என்கிறாள்.

உன் அப்பாவிடமும் சொல். காற்று அடிக்க எனக்குத் தெரியும்.